சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

‘சென்னைக்கு மிக அருகில்’ என்று திண்டிவனம் பக்கம் மனை விற்றவர்களை நாம் எல்லோரும் கிண்டல் செய்திருக்கிறோம். இப்போது அவர்கள் திருப்பிச் சிரிக்கலாம். 2011-இல் சென்னை மாநகராட்சி அக்கம்பக்கத்து உள்ளாட்சிகள் 42-ஐச் சேர்த்துக்கொண்டு, 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. 2019-இல் ஆவடி, 2021-இல் தாம்பரம் எனத் தனி மாநகராட்சிகள் வந்தன. 2022 அக்டோபர் அரசாணை, பெருநகரப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-க்கு நீட்டியது. வரைபடத்தை விரித்தால் அரக்கோணம் பக்கமும் இப்போது பெருநகரத்துக்குள்தான்.

ஊர்ப் பெயர் ஒரு கையெழுத்தில் போய்ச் சேர்ந்துவிடும். குழாய்க்குத் தெருத் தெருவாகப் பள்ளம் தோண்ட வேண்டும். இந்த இடைவெளியில்தான் புறநகர்க்காரர்கள் லட்சக்கணக்கில் குடியிருக்கிறார்கள். குடிநீர் வாரியம், கழிவுநீர்த் துறை, வெள்ளத் தடுப்பு என்று தன் வீட்டளவுக்கு ஒரு குட்டி நகராட்சியைக் குடும்பத் தலைவரோ தலைவியோ நடத்தியாக வேண்டும். வரி கட்டுவது தனி.

வாடகைக்கோ விலைக்கோ வீடு பார்க்கப் போனால், புரோக்கர் முதலில் ஹாலைக் காட்டுவார். அப்புறம் மாடுலர் கிச்சன், பால்கனி. “தண்ணிப் பிரச்சினையே கிடையாது சார், இருபத்துநாலு மணி நேரமும் வரும்” என்பார். அது பொய்யில்லை. மேல்தொட்டியில் இருக்கும்வரை எந்தக் குழாயிலும் இருபத்துநாலு மணி நேரமும் வரும். மேல்தொட்டிக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேட்க வேண்டியது. மெட்ரோ வாட்டர் அல்லது உள்ளாட்சிக் குழாய், போர் (ஆழ்துளைக் கிணறு), லாரி, கேன் என்று நான்கு வழிகள் உண்டு. பெரும்பாலான புறநகர் வீடுகள் இவற்றில் மூன்றைக் கலந்துதான் ஓடுகின்றன. எது எந்த மாதத்தில் நிற்கும் என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் சம்ப் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.

நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு திட்டமிடும்போது எடுத்துக்கொள்ளும் அளவு. நான்கு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர். பன்னிரண்டு வீடு உள்ள அடுக்ககத்துக்கு 6,480. அதாவது 12,000 லிட்டர் லாரி ஒன்று முழுசாக இரண்டு நாளைக்குக்கூட வராது. ஏப்ரல், மே இரண்டு மாதம் போர் கைவிட்டால் 33 லாரி. அந்தச் செலவு மாத மெயின்டனன்ஸில் அடக்கமா, தனியா, வீட்டுக்காரர் தருவாரா, வாடகைக்காரர் தலையிலா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். மே மாதத்தில் பேசினால் சண்டைதான் வரும்.

அடுத்தது சம்பின் அளவு. அடிக்கணக்கில் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். பத்தடிக்கு எட்டடி சம்பில் தண்ணீர் ஒரு அடி ஏறினால் 2,265 லிட்டர். முழு லாரியும் இறங்கினால் ஐந்தேகால் அடிக்குக் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். லாரி வருமுன் ஒரு மூங்கில் கழியை விட்டு நனைந்த மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, இறக்கியபின் மறுபடி விட்டுப் பாருங்கள். நாலரை அடிதான் ஏறியது என்றால் வந்தது பத்தாயிரத்துச் சொச்சம். மீதி எங்கே என்று டிரைவரிடம் கேட்கலாம். கழியோடு நிற்பவரைப் பார்த்தால் பொதுவாக அளவு சரியாகவே வரும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு இரண்டு. சம்பில் இரண்டடித் தண்ணீர் இருக்கும்போதே பயந்து லாரி சொல்லிவிடுவது ஒன்று. ஆறடி ஆழச் சம்பில் ஐந்தேகால் அடி இறங்க இடமில்லை, மிச்சம் தெருவில் ஓடும், காசு முழுசாகப் போகும். சுத்தமாக வற்றும்வரை காத்திருப்பது இன்னொன்று. அடியில் சேறு இருக்கும். உறிஞ்சுகுழாயின் அடி முனையில் உள்ள ஃபுட் வால்வு காற்றை இழுத்து மோட்டார் வெறுமனே ஓடிச் சூடாகும். அப்புறம் லாரி வந்தாலும் தண்ணீர் ஏறாது. பிளம்பர் வந்து, குழாயில் மேலிருந்து தண்ணீர் ஊற்றி நிரப்பி, காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அப்படி ஊற்றியும் மறுநாள் காலையில் அதே கதை என்றால் ஃபுட் வால்வு கசிகிறது. அதை மாற்றுங்கள், மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் இருக்கும்போது லாரி வந்து நிற்கும்படி சொல்லிவைப்பதுதான் அனுபவஸ்தர்களின் கணக்கு. தெரு அகலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். லாரி தெருமுனையோடு நின்றுவிட்டால், அங்கிருந்து சம்ப் வரைக்கும் அவர்களிடம் ஹோஸ் இருக்க வேண்டும்.

தண்ணீர் ‘வராது’ என்றால் எவ்வளவு வராது என்பதை 2019 காட்டியது. அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்டத் தரை தட்டின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். பிரம்மாண்டமாகத் தெரியும். ஆனால் 540-ஆல் வகுத்தால் சுமார் 4,600 குடும்பத்துக்கு ஒரு நாள் பாடு. மீஞ்சூரில் 2010-இலும், நெம்மேலியில் 2013-இலும், மறுபடி 2024-இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் ஓடத் தொடங்கியபின் நகரத்துக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரும் குழாய் உள்ள தெருவுக்குத்தான் வரும்.

குழாய் இருந்தாலும் அழுத்தம் போதாது என்பதால்தான் பழைய சென்னை வீட்டு வாசல்களில் இன்றும் அடிபம்பு நிற்கிறது. தண்ணீர் விடும் நேரத்தில் அது தெருக் குழாயிலிருந்து நேராக ஏற்றித் தரும். வாசல் மட்டத்துக்கு வராத தண்ணீர் தரைக்குக் கீழே இருக்கும் சம்புக்குத் தானாக வந்துவிடும். சம்ப் கட்டுவதன் பாதிக் காரணம் அதுதான். தெருக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது சட்டப்படி குற்றம். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் கடைசி வீட்டுக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை என்றால், நடுவில் யாரோ அதைச் செய்கிறார் என்றே முதலில் சந்தேகப்படலாம்.

போர் விஷயம் இடத்துக்கு இடம் மாறும். திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரை ஓரம் மணல் பூமி. மழைநீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராக மிதக்கும். மேலாக எடுத்தால் இனிக்கும். ஆழமாகப் போட்டு அள்ளினால் கடல் உள்ளே வரும். பல்லாவரம், தாம்பரம் பக்கம் பாறை பூமி. பாறை வெடிப்பில்தான் தண்ணீர் ஓடும். பக்கத்து மனையில் உங்களைவிட ஆழமாக ஒரு போர் இறங்கினால் உங்கள் வெடிப்பு காய்ந்துபோகலாம். அதனால் ‘போர் எத்தனை அடி?’ என்று கேட்பதோடு, அக்கம்பக்கத்தில் போர் எத்தனை அடி, கடைசியாகப் போட்டது எப்போது என்றும் கேளுங்கள். கம்ப்ரஸர் மோட்டார் வைத்திருந்தால் கிணற்றில் ஊற்று குறைவு என்று பொருள். காற்றை உள்ளே செலுத்தி அது தள்ளிக்கொண்டு வரும் தண்ணீரைப் பிடிக்கிற முறை அது. இருமி இருமித் துப்புகிற மாதிரி விட்டு விட்டு வரும், கரண்டையும் தின்னும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரில் தண்ணீர் ஒரே சீராக வந்தால் நிம்மதி.

உப்பு எவ்வளவு என்று பார்க்கச் சில நூறு ரூபாய்க்குப் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. குடிப்பதற்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தரக் குறியீடு. சமையலறைக் குழாயில் பிடித்துச் சோதிக்காதீர்கள், அதில் லாரித் தண்ணீர் கலந்திருக்கலாம். போர் மோட்டாரை ஓடவிட்டு, தொட்டிக்குள் விழும் இடத்தில் ஒரு டம்ளர் பிடியுங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் குளியலறையைப் பாருங்கள். ஷவர் ஓட்டைகளில் பாதி அடைத்திருக்கும், குழாய் அடியில் வெள்ளைப் படலம் இருக்கும். எல்லாமே புதுசாகப் பளபளத்தால், பழசை ஏன் மாற்றினார்கள் என்று யோசிக்கலாம். ஆர்ஓ வைத்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அந்தக் கழிவு பழைய தண்ணீரைவிட உப்பு; தரை துடைக்கலாம், துளசிக்கு ஊற்றக் கூடாது.

2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயம். மாடியிலிருந்து இறங்கும் குழாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழியில் எட்டு வருஷ மண்ணும் சாக்லேட் தாளும் இருக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டர். சென்னையின் வருஷ மழை ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். கசிவு, ஆவி போக எண்பது சதவீதம் என்று வைத்தாலும் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டும். அதாவது எட்டு லாரிக்கு மேல். செப்டம்பர் கடைசியில் மாடியைப் பெருக்கி, குழியில் மேலாக இருக்கும் மணலையும் ஜல்லியையும் அள்ளி அலசிப் போட ஒரு நாள் கூலி ஆகும். மழை தொடங்கியபின் இதற்கு ஆள் கிடைக்காது.

கழிவுநீருக்கு வருவோம். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க்தான். குடிநீர்க் கிணற்றிலிருந்து அதன் கசிவு நீர் மண்ணில் இறங்கும் இடம் 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது தரக் குறியீடு. புறநகரில் பலரும் வாங்குவது அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஐம்பது அடி, பதினைந்து மீட்டர்தான். ஆக, இந்த மனையில் விதிப்படி போரும் செப்டிக்கும் இரண்டும் வைக்க இடமே கிடையாது. நம் மனையில் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் செப்டிக் நம் போருக்கு ஐந்தடியில் இருக்கும். ஆகவே போர்த் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

செப்டிக் தொட்டியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சிவிட வேண்டும். நிரம்பி வழிந்தபின் கூப்பிட்டால் மண் ஏற்கெனவே குடித்து முடித்திருக்கும். மழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது கசிவு நீர் இறங்க வழியில்லாமல் கக்கூஸ் பீங்கானில் எதிர்த்து வரும். அது அடைப்பு என்று நினைத்து ஆசிட் ஊற்றுவார்கள். அதனால் பயன் இல்லை; நீர்மட்டம் இறங்கினால்தான் சரியாகும். எந்த நிலையிலும் தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது. உள்ளே தேங்கும் வாயு ஒரு மூச்சில் ஆளை முடித்துவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்கிவிடுவதே குற்றம். “அஞ்சு நிமிஷ வேலைதான்” என்று எவராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

போக்குவரத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை, சுருக்கமாக முடிக்கிறேன். சென்னையில் தூரத்தை நிமிடத்தில்தான் சொல்வார்கள், அந்த நிமிடத்தைச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடு பார்க்கப் போனால் எல்லா இடமும் ஆபீஸுக்குப் பக்கம்தான். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இலிருந்து ஓடுகிறது. 29 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, பத்து ரூபாய் டிக்கெட். இந்த விலைக்கு இந்த வேகத்தில் இந்த நகரத்தில் வேறு எதுவும் ஓடவில்லை. கிண்டியிலும் பரங்கிமலையிலும் இறங்கி மெட்ரோ பிடிக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை–செங்கல்பட்டுப் பாதையில் ஏசி ரயிலும் ஓடுகிறது. ஆனால் வேலை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) என்றால் இந்த ரயிலால் பாதிப் பயன்தான். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை மேடவாக்கம் வழி பஸ், ஷேர் ஆட்டோ, அல்லது சொந்த வண்டி. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்தபின் ஊரப்பாக்கத்துக்காரர் திருச்சி பஸ்ஸுக்குச் செருப்பு மாட்டினால் போதும். தண்டையார்பேட்டைக்காரர் ஊருக்குள்ளேயே ஒரு பயணம் முடித்துவிட்டுத்தான் ஊருக்குப் பயணம் தொடங்குகிறார்.

‘ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்’ என்றால் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். எதிர்ப்பக்கம் என்றால் இடையில் ரயில்வே கேட்டா, சுரங்கப்பாதையா, நடைமேம்பாலமா? கேட் என்றால் காலை நேரத்தில் ரயிலைப் பார்த்துக்கொண்டே ரயிலை விடுவீர்கள். சுரங்கப்பாதை என்றால் நவம்பரில் மூடியிருக்கும்.

நவம்பர் என்றதும் மழை வந்துவிட்டது. குட்டி நகராட்சியின் மூன்றாவது துறை.

இந்த ஊர் ஏரிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தி. நகரும் நுங்கம்பாக்கமும் பழைய நீண்ட ஏரியின் படுகை. வள்ளுவர் கோட்டம் நிற்பதே ஏரித் தரையில்தான். அங்கே லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. இடப் பெயரைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. மடு என்றால் பள்ளம். ஏரிக்கரைத் தெரு, மதகுத் தெரு, பள்ளத் தெரு என்றெல்லாம் பெயர் வைத்தவர்கள் விளையாட்டுக்கு வைக்கவில்லை. மேட்டுத் தெருவில் வாடகை கூட இருந்தால் கொடுங்கள். பள்ளிக்கரணை சதுப்புநிலம் தென்சென்னையின் வடிகால் தொட்டி. சுற்று வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் அங்கே கூடி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டில் கடலைத் தொட வேண்டும். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே அதன் பெரும்பகுதியில் சாலையும் கட்டடமும் குப்பைமேடும் வந்துவிட்டன. தண்ணீர் பழைய விலாசத்தை மறக்கவில்லை. 2015 டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன.

இன்னொரு வெள்ளம் இருக்கிறது, அது செய்தியில் வராது. ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் சில அங்குலம். இருபது வருஷத்தில் வாசலில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு மூன்று படி இறங்கிப் போக வேண்டிவரும். அப்புறம் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். நூற்றுக்கணக்கில் ஜாக்கிகளை அடியில் கொடுத்து அங்குலம் அங்குலமாகத் தூக்குவது சென்னையில் இப்போது ஒரு தொழில். அரசு சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. உங்கள் தெருவில் போடும் நாளன்று நீங்கள் வாசலில் நின்று கேட்டால் அது நடக்க வாய்ப்பு கூடும்.

ரோடு உயர்ந்தால் முதலில் மாட்டுவது சம்ப். மூடி தரைமட்டத்தில் இருந்தால், தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும்போதே சாக்கடை நீர் உள்ளே இறங்கிவிடும். மூடியின் விளிம்பு ரோட்டைவிட ஒன்றரை அடியாவது உயரமாக, சுற்றிச் செங்கல் கட்டு வைத்துப் பூசியிருக்க வேண்டும். வெள்ள நீர் உள்ளே போய்விட்டதா? முதலில் மோட்டாருக்கான மெயின் சுவிட்சை அணையுங்கள். முழுவதையும் வெளியேற்றி, மூடியைத் திறந்து வைத்துக் காற்றாடவிட்டு, அப்புறம்தான் ஆள் இறங்கித் தேய்க்க வேண்டும். நல்ல தண்ணீர் நிரப்பியபின் ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர். பக்கெட் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். போன வருஷப் பாக்கெட் வேலைக்காகாது. திறந்து வைத்த பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று வீட்டுக்காரரிடம் கேட்பதில் பயன் இல்லை, சுவரில் புதுப் பெயின்ட் இருக்கும். தெருவில் நடந்து பாருங்கள். பெயின்ட் அடிக்காத பக்கத்து மதிலில் ஒரே மட்டத்தில் ஒரு கறைக்கோடு போகும். ஈபி மீட்டர் பெட்டிகள் எல்லாம் தலை உயரத்துக்கு ஏற்றப்பட்டிருந்தால், அந்தத் தெரு ஒருமுறை முழுகியபின் பாடம் படித்திருக்கிறது. கார்களை அக்டோபர் முடிந்ததும் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்களா என்று இஸ்திரி போடுகிறவரிடம் விசாரியுங்கள். கடைசியாகத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே, “அண்ணாச்சி, டிசம்பர்ல அரிசி மூட்டையை எந்தத் தட்டுல வெப்பீங்க?” என்று கேளுங்கள். அவருக்கு புரோக்கர் கமிஷனில் பங்கில்லை. கையை நீட்டி ஒரு தட்டைக் காட்டுவார்.